வீட்டுக்கு வந்த சுருதிமானி

ஊரிலுள்ள தராசுகளுக்கெல்லாம் முத்திரை குத்தும் அதிகாரிக்கு வீட்டில் மட்டும் எடை கிடையாது. மாலை ஆறு முதல் எட்டு வரை டிவியில் மேட்ச். அதே ஆறு முதல் எட்டு வரை, அதே ஹாலில், அவர் மனைவியின் பாட்டுப் பயிற்சி. பதினோரு வருஷமாக ஒரு மேட்சையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை. யார் ஜெயித்தது என்பதை மறுநாள் ஆபீஸ் ப்யூன் சொல்லித்தான் தெரிந்துகொள்வார். இனிப் பொறுப்பதில்லை என்று ஒரு நாள் சபதம் போட்டார்.

சபதம் சோப்பு டப்பா அளவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பாடப் பாடக் கேட்கும் கருவி. சுருதி சேர்ந்தால் பச்சை விளக்கு, விலகினால் சிவப்பு.

"இது எதுக்குங்க?"

"உன் பாட்டைச் சோதிக்க. பத்து சிவப்பு விழுந்தா நாளையிலேர்ந்து இந்த ஹால்ல பாட்டு கிடையாது. சம்மதமா?"

"மெஷின் தப்பாக் காட்டினா?"

"முப்பது வருஷ சர்வீஸ்ல சொல்றேன், மெஷின் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்வான்."

"சரி. மெஷின் சொல்றதுக்கு நான் கட்டுப்படறேன். நீங்களும் கட்டுப்படணும்."

"தலையை அடகு வெக்கிறேன்!"

அவள் தன் சுருதிக்குக் குமிழைத் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். அதிகாரி அந்தக் குமிழை நெல்லளவு திருகினார். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய கடைக்காரர்கள் எத்தனை பேரைப் பிடித்தவர்! அவர்கள் ஏன் திரும்பித் திரும்பி வாசலைப் பார்க்கிறார்கள் என்பது அன்றுதான் விளங்கியது.

அவள் பாடினாள். சிவப்பு. மேலே போனாள். சிவப்பு. கீழே வந்தாள். அங்கேயும் சிவப்பு. இப்படியே பத்தும் விழுந்தது. குழாய் கொர்ரென்றது, பச்சை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, பளிச்சென்று பச்சை.

"பாத்தியா? நாய்க்குக்கூடச் சுருதி நிக்குது!"

அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அதைப் பார்த்தாவது மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். அவரோ ஆனந்தமாக ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமாத் தப்பாவே பாடியிருக்கேங்க. நாளையிலேர்ந்து டீச்சர் வீட்டுக்குப் போய் முதல்லேர்ந்து கத்துக்கறேன். தினமும் ஆறுலேர்ந்து எட்டு."

"பேஷாப் போ!"

"இங்கேயே பாடினப்போ அடுப்புக்கு ஒரு காது, பசங்க வீட்டுப்பாடத்துக்கு ஒரு காது குடுத்தேன். இனிமே ரெண்டும் உங்க காது."

அதிகாரியின் கையிலிருந்து ரிமோட் நழுவியது.

"அடடா, நீ நல்லாத்தானே பாடறே!"

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

"அது வந்து... அந்தக் குமிழ்..."

"குமிழுக்கு என்ன? யாராவது திருகிட்டாங்களா? முத்திரை குத்தற ஆபீசர் வீட்லயா!"

அதிகாரி மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தார். ஒப்புக்கொண்டால் மானம் போகும், ஒப்புக்கொள்ளாவிட்டால் மேட்ச் போகும். கடைசியில் மானத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என் மேட்ச்!" என்று அடிவயிற்றிலிருந்து ஓலமிட்டார்.

பச்சை விளக்கு எரிந்தது.

"அட, கச்சிதமா சேருதுங்க," என்றாள் மனைவி, "நாளைக்கு வெங்காயம் உரிக்கும்போதும் இதே சுருதியில அழுங்க."