நோர்ட்காப்புக்கு எழுபத்தெட்டுக் கிலோ

எமன் எருமையில் ஏறி வந்து நின்றால்கூட, "இடப்பக்கம் பாரம் கூடிப்போச்சு, இறங்கும், சரிபண்ணித் தாறன்" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் தராசண்ணைதான். நோர்வேயில், ஸ்டோவ்னரில் எங்கள் அடுக்குமாடியின் நாலாம் மாடியில் இருந்தார். சொந்தப் பெயர் அவருடைய தபால்பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். பயணப் பெட்டியைத் தூக்கி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று எந்நேரமும் அவர் சட்டைப் பையில் தொங்கும். கடையில் கத்தரிக்காய் வாங்கினாலும் வாசலில் நின்று அதில் ஒருமுறை தொங்கவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

அந்தக் கோடையில் நான் நிலைகொள்ளாமல் இருந்தேன். வசந்தத்தில்தான் மனைவி பிரிந்து போயிருந்தாள். கதிரையில் இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் கதவைத் திறக்கத் தோன்றும். ரயில் மாறி மோர்டென்ஸ்ருட் கடைசித் தரிப்பிடம் வரை போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் அடுத்த ரயிலில் திரும்புவேன். அந்த வீட்டைவிட்டு எங்கேயாவது தூரமாகப் போகாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று உண்மையாகவே பயந்தேன்.

அப்போதுதான் தராசண்ணை கேட்டார்: "தம்பி, நோர்ட்காப்புக்கு மோட்டார் சைக்கிளிலை போவமோ? பின்னுக்கு நீர் இரும்."

நோர்வேயின் வடக்கு முனை! அதற்கு மேலே கடல்தான். "இப்பவே வெளிக்கிடுவம் அண்ணை" என்றேன்.

"இப்பவோ? இன்னும் ஒண்டும் நிறுக்கேல்லை."

அன்று தொடங்கியது என் கண்டச் சனி. பாரமான சாமான் கீழே, சில்லுக்குக் கிட்ட. இடப்பெட்டியும் வலப்பெட்டியும் ஒரே நிறை. மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, மருந்துப்பெட்டி கண்ணை மூடிக்கொண்டும் கை வைக்கக்கூடிய இடத்தில். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்த மனிதர், ஒரு கிலோ மிளகாய்த்தூளை மட்டும் மறுபேச்சில்லாமல் உள்ளே வைத்தார். ஏனென்று கேட்டதற்கு, "அது பாதுகாப்புச் சாமான்" என்றார்.

ஒவ்வொரு மாலையும் முழுப் பாரத்தோடு, ஹெல்மெட்டும் கையுறையுமாக, கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தைப் பத்துமுறை சுற்றுவோம். நாயோடு உலாத்த வரும் ஒரு நோர்வேஜிய அம்மா ஒருநாள் மறித்து, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். "இன்னும் போகேல்லை" என்று தராசண்ணை நோர்வேஜிய மொழியில் பணிவாகச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து அந்த அம்மா எங்களைக் கண்டதும் நாயை இழுத்துக்கொண்டு வேறு வழியால் போனார்.

பெட்டிகள் சரியான பிறகு என் முறை வந்தது. குளியலறைத் தராசில் என்னை ஏற்றினார். நிறைகள் எழுதிவைத்த பழைய கொப்பியைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"போன வருஷம் சுவீடன் எல்லைக்குப் போகேக்கை எழுபத்தெட்டு. இப்ப எழுபத்தொண்டு. வண்டியின்ரை பின் ஸ்பிரிங் எழுபத்தெட்டுக்குப் பூட்டினது தம்பி. ஏழு கிலோ குறைஞ்சால் வளைவிலை துள்ளும். ரெண்டு பேரும் பள்ளத்துக்கைதான்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"எழுபத்தெட்டாகும்."

தினமும் காலை ஒன்பது மணிக்கு நிறுவை. அதற்கு முன் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அவித்த புட்டும் மீன் குழம்பும். வெறும் வயிற்றில் நிறுத்தால் கணக்குப் பிழைக்குமாம். பின்னேரம் மறு நிறுவை, அதற்கு முன் இடியப்பமும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. லீவு நாள் ஒவ்வொன்றாகக் கரைகிறது, ரோட்டில் இருக்க வேண்டியவன் பந்தியில் இருக்கிறேன்! சீக்கிரம் வெளிக்கிட வேண்டுமே என்ற வெறியில் மூன்றாம் தரமும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவருடைய பெரிய ஸ்பானர் இரண்டைக் காற்சட்டைப் பைகளில் ஒளித்துக்கொண்டு தராசில் ஏறினேன். முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். ஸ்பானர்களைக் கொடுத்தேன்.

"இரும்பு வேண்டாம் தம்பி. இறைச்சி வேணும்" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். ஏனோ திட்டவில்லை.

பதினோராம் நாள் எழுபத்தாறரை. "இனிக் காணும், வெளிக்கிடுவம்" என்றார். அதற்குள் எனக்கு இரவில் நித்திரையும் வரத் தொடங்கியிருந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

வடக்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கினோம். பக்கத்தில் எங்களுடையதைப் போலவே ஒரு மோட்டார் சைக்கிள். அதன் சொந்தக்காரன், மனைவி பின்னால் ஏறுமுன் குனிந்து, இருக்கைக்குக் கீழே இருந்த கறுப்புத் திருகியைக் கையால் நாலு சுற்றுச் சுற்றினான். என்ன அது என்று கேட்டேன். பின் ஸ்பிரிங் என்றான். பாரம் கூடினால் இறுக்குவானாம், குறைந்தால் தளர்த்துவானாம். மொத்தம் ஐந்து விநாடி வேலை.

நான் எங்கள் வண்டியின் அருகே குனிந்து பார்த்தேன். அதே இடத்தில் அதே திருகி. விரல் பட்டுப் பட்டு விளிம்பு தேய்ந்துபோயிருந்தது.

தராசண்ணை உள்ளேயிருந்து இரண்டு சொசேஜ் ரொட்டிகளோடு வந்தார். தனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. "ரெண்டையும் தின்னும். வளைவு வருகுது, நிறை குறையப்படாது."

திருகியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இரண்டையும் தின்றேன். மழை பெய்தது நல்லதாகப் போயிற்று, கண்ணைத் துடைத்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லாமல் போனது.

இப்போது அவர் பேர்கனில் மகளோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்தால் சுகம் விசாரிக்கமாட்டார். "எத்தினை கிலோ?" என்றுதான் கேட்பார். எழுபத்தெட்டு என்கிறேன். உண்மையில் எண்பத்திரண்டு. டொக்டர் குறைக்கச் சொல்கிறார். ஆனால் அண்ணையிடம் அந்தக் கணக்கு மாறாது; அந்த ஸ்பிரிங் எனக்காக எழுபத்தெட்டில் பூட்டியிருக்கிறது, அதை நான் தளர்த்தமாட்டேன்.