நடுக்கடலில் ஒரு நல்ல குளியல்

ஒரு வேலையில் சேர்வதற்கு முன்னால் அது என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இதையெல்லாமா ஒருத்தர் சொல்லித் தர வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

அப்போது நான் பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் கல்யாணச் சமையலில் இருந்தேன். கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் எந்த மண்டபத்தில் பந்தி நடந்தாலும் ரசத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள் (என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்). புரட்டாசி பிறந்தது. கல்யாணம் கிடையாது. மாந்தோப்புகளிலும் வேலை இல்லை. ஊட்டில் சும்மா உட்கார்ந்து அம்மா வைக்கிற சாம்பாருக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை எங்கேயாவது அனுப்பிவிட்டால் தேவலை என்ற முடிவுக்கு அம்மா வந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் சின்ராசு கூப்பிட்டான். என்னோடு படித்தவன், தேங்காய் லாரி ஓட்டுகிறவன். வாரத்துக்கு ஒருதரமாவது எறணாகுளம் போய் வருவான்.

"டேய் செந்திலு, இங்க போட்டுல சமையலுக்கு ஆள் கேக்கறாங்கடா. தங்கறது, சாப்பாடு எல்லாம் போட்டுலயே. போறியா?"

போட்டு என்றதும் என் மனசுக்குள் ஆலப்புழை ஓடியது. ஓலைக்கூரை போட்ட படகு வீடு, ஏ.சி. ரூம், இளநீர் குடிக்கிற வெளிநாட்டுக்காரர்கள், "ஓ, வெரி நைஸ் ரசம்!" என்று கண்ணீர் விடும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. சின்ராசுவை நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பொள்ளாச்சிக்குப் போய் உயரமான வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கினேன். தர்பூசணியை அன்னப்பறவையாகச் செதுக்குவது எப்படி என்று போனில் பார்த்துப் படித்தேன். பழைய தர்பூசணி ஒன்று என் கையில் சிக்கிப் படாதபாடு பட்டது. அன்னப்பறவைக்குக் கழுத்து வரவில்லை. வாத்து என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"புரட்டாசி மாசம்டா. கவிச்சி கிவிச்சி தொட்டுடாத" என்றார் அம்மா.

"அதெல்லாம் பெரிய மனுசங்க வர்ற இடமுங்ம்மா. சாலடுதான் திம்பாங்க" என்றேன்.

எறணாகுளம் பக்கத்தில் முனம்பம் துறைமுகத்தில் சின்ராசு என்னை ஒரு நீல நிற மீன்பிடிப் படகின் முன்னால் இறக்கிவிட்டுத் தேங்காயோடு போய்விட்டான். படகில் மலைபோல வலை குவிந்து கிடந்தது. பெரிய பெரிய ஐஸ் கட்டிகளை இயந்திரத்தில் உடைத்து உள்ளே கொட்டிக்கொண்டிருந்தார்கள். மீன் வாடை மூக்கில் அறைந்தது. இங்கேயாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்முடைய போட்டு பெரிய போட்டு, கரை வரைக்கும் வராது, இந்தச் சின்ன போட்டில் ஏற்றிக்கொண்டு போய் அதில் விடுவார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

படகை ஓட்டுகிறவரை ஸ்ராங்கு என்பார்கள். எங்கள் ஸ்ராங்கு ஜேசடிமை அண்ணன், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். மற்றவர்களும் அதே ஊர்தான். கழிமுகம் தாண்டியது. கரை மெலிந்து கோடாகி, அப்புறம் கோடும் இல்லாமல் போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்ண்ணா, நம்ம போட்டு இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

ஜேசடிமை அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ நிக்கது எதுலலே?"

நான் குனிந்து பார்த்தேன். போட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்து நடந்ததை விரிவாகச் சொல்ல முடியாது. முதல் பெரிய அலை வந்தது, நான் வாந்தி எடுத்தேன். இரண்டாவது அலை வந்தது, வாந்தி எடுத்தேன். அலை வராதபோதும் எடுத்தேன், பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாது என்பதுபோல. அந்த நிலையில்தான் ஜேசடிமை அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டின் சட்டதிட்டங்களை எல்லாம் விளக்கினார். அவர் ஊர்த் தமிழ் வேகமானது. எங்கள் பக்கத்தில் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் சண்டை போட்டுச் சமாதானமே ஆகிவிடுவார்கள். நான் எல்லாவற்றுக்கும் "சரிங்ண்ணா" என்றேன். (என் கிட்னியைக் கேட்டிருந்தாலும் "சரிங்ண்ணா" என்றுதான் சொல்லியிருப்பேன்.) அவர் சொன்னதில் முக்கியமான ஒன்று இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஓரிரு நாளில் எழுந்து நின்றேன். சமையல் மூலை எங்கள் ஊட்டுக் குளியலறையைவிடச் சின்னது. அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி போட்டிருந்தது, பாத்திரம் உருண்டு ஓடாமலிருக்க. நான் உருண்டு ஓடாமலிருக்க எந்தக் கம்பியும் இல்லை. ஒரு கையால் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறு கையால் மீன் குழம்பு கிண்டினேன். புரட்டாசி விரதம் அந்தச் சட்டியிலேயே போய்ச் சேர்ந்தது. கொத்தமல்லியை வறுத்து எங்கள் ஊர் மாதிரி அரைத்துவிட்ட குழம்பு. அவர்களுக்குப் பிடித்துப்போனது. "லேய் பாலக்காடு, கொள்ளாம்லே!" என்றார்கள். "லேய்" என்றால் திட்டு என்று நினைத்து நான் முதலில் கொஞ்சம் அழுதேன். அப்புறம் தெரிந்தது, அவர்கள் மாதாவிடம் பேசும்போது மட்டும்தான் "லேய்" போடுவதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரே ஒரு கஷ்டம், உடம்பெல்லாம் உப்பு. சட்டை அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. மற்றவர்கள் கடல் தண்ணீரை வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்கள். எனக்கு அவர்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது. ஏனென்றால் என் சமையல் மூலையில் ஒரு குழாய் இருந்தது. திறந்தால் நல்ல தண்ணீர், கல்கண்டு மாதிரி. அதன் பக்கத்திலேயே ஓர் இரும்புப் பெட்டி நாள் முழுக்க "ம்ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தது. எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்று உண்டு. அதுவும் இப்படித்தான் முனகும். நான் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். கடல் தண்ணீர் கீழேயிருந்து ஏறுகிறது, பெட்டிக்குள் உப்பு போகிறது, குழாயில் நல்ல தண்ணீராக வருகிறது. கடலே நம்முடையது. தண்ணீருக்கு என்ன பஞ்சம்?

குளிக்க ஆரம்பித்தேன்.

விடியற்காலையில் எல்லோரும் படகின் முன்பக்கம் வலை இழுப்பார்கள். நான் பின்பக்கம் ஒரு குளியல் போடுவேன். மத்தியானம் அவர்கள் அசந்து தூங்குவார்கள். இன்னொரு குளியல். சோப்பு, ஷாம்பு, துணி துவைத்தல் எல்லாம் உண்டு. மீனைக் கவிச்சி போக ஏழெட்டுத் தண்ணீரில் அலசினேன். அரிசியையும் அலசினேன். பொழுது போகவில்லை என்றால் குழாயையே கழுவினேன். எங்கள் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயில் ஒரு சொட்டு வீணானால் அப்பா ஊரைக் கூட்டுவார். அந்த வறண்ட பூமியில் வளர்ந்தவன் ஆயுசுக்கும் சேர்த்து வைத்திருந்த ஆசையை எல்லாம் அரபிக்கடலில் தீர்த்துக்கொண்டேன்.

இதில் தருமமும் செய்தேன். படகில் மூத்தவர் லூயிஸ் அண்ணன். வலை இழுத்து இழுத்து அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, சுடுதண்ணி போட்டுத் தரட்டுங்களா? இடுப்புக்கு ஊத்துனா நல்லாருக்குமுங்க" என்றேன்.

"நல்ல வெள்ளத்திலயா?" என்றார். அவர்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்பார்கள்.

"பின்னே? உப்புத் தண்ணியிலயா?"

அவர் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். "ஸ்ராங்குக்குத் தெரியுமா?"

"இதுக்கெல்லாமாங்க அவர்கிட்டக் கேக்கறது?"

லூயிஸ் அண்ணன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அண்டா அண்டாவாக ஊற்றினேன். மறுநாளும் அவருக்கு இடுப்பு வலித்தது. அதற்கு மறுநாளும் வலித்தது. இடுப்பு சரியான பிறகு தோள்பட்டை வலிக்க ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு காலை. முதல்தடவையாக வலையில் சூரை மீன் கொத்துக்கொத்தாக விழுந்திருந்தது. எல்லோரும் பாடிக்கொண்டு இழுத்தார்கள். நான் தலையில் ஷாம்பு நுரையோடு குழாயைத் திறந்தேன். குழாய் ஒருமுறை இருமியது. "க்ர்ர்" என்றது. அப்புறம் காற்று மட்டும் வந்தது.

நுரையோடே ஓடினேன்.

"அண்ணா! ஃபில்டர் மெஷின் நின்னுபோச்சுங்க!"

ஜேசடிமை அண்ணன் வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "எந்த மெஷினுலே?"

"கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்துற மெஷினுங்க. சமையல் மூலையில முனகுமே, அதுங்க."

"அது பேட்டரிப் பெட்டியில்லா!"

பாட்டு நின்றது. எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் என் தலைக்குப் போனது. நுரை மெதுவாக வழிந்து என் மூக்கின் மேல் வந்து நின்றது. அது என்ன நுரை என்று யாரும் கேட்கவில்லை. கடல் தண்ணீரில் அவ்வளவு நுரை வராது.

"லேய்" என்றார் ஜேசடிமை அண்ணன், மிக மெதுவாக. "நீ குளிச்சியா?"

"ஆமாங்க."

"இன்னைக்கா?"

"தினமுமுங்க." அப்புறம் என் நேர்மை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. "ரெண்டு நேரமுமுங்க."

யாரும் கை ஓங்கவில்லை. கத்தவில்லை. ஜேசடிமை அண்ணன் வலை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "குடிக்க வச்சிருந்த வெள்ளம்லே. அதான் ஒனக்கு மொத நாளே சொன்னேன், டேங்குல உள்ளது குடிக்கதுக்கு மட்டும்னு. நீ சரிங்ண்ணான்னு சொன்னியே" என்றார். இவர் என்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் லூயிஸ் அண்ணனைப் பார்த்தேன். அவர் தொடுவானத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அதுவரை தொடுவானத்தையே பார்க்காதவர் மாதிரி.

கரை வெகுதூரம். மீன் இப்போதுதான் கிடைக்க ஆரம்பித்திருக்கிறது. திரும்பினால் இத்தனை பேருடைய உழைப்பும் வீண். இருந்தால் குடிக்கத் தண்ணீர் இல்லை. அன்றைக்கு ஐஸ் அறையிலிருந்து உடைத்த ஐஸை எடுத்து உருக்கி டீ போட்டேன். மேலாக, மீன் படாத ஐஸாகப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனால் அந்த அறைக்குள் மீன் வாடை படாத பொருள் எது? டீயில் இஞ்சி போட்டேன், ஏலக்காய் போட்டேன். இஞ்சி ஏலக்காய் போட்ட மீன் டீ ஆனது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். ஒருவர் மட்டும் டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "முள்ளு இல்ல" என்றார். எனக்குக் கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது. (நீச்சல் தெரியாததால் அந்த யோசனையைக் கைவிட்டேன்.)

ஐஸைக் குடித்துக்கொண்டே இருந்தால் மீன் கெட்டுப்போகும். கடைசியில் ஜேசடிமை அண்ணன் வயர்லெஸ்ஸை எடுத்தார். பக்கத்தில் இருக்கிற படகுகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பது என்று முடிவு. அந்த வயர்லெஸ்ஸில் ஒரு படகிடம் பேசினால் சுற்றுவட்டாரத்தில் எல்லாப் படகுக்கும் கேட்கும்.

"வெள்ளம் தீந்துபோச்சு. கொஞ்சம் வேணும். ஓவர்."

"இப்பம்தான வந்திய? டேங்கு ஓட்டையா? ஓவர்."

ஜேசடிமை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கெஞ்சுகிற மாதிரி கையைக் கூப்பினேன். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"குக்கு குளிச்சிட்டான். ஓவர்."

வயர்லெஸ் கொஞ்ச நேரம் கரகரத்தது. அப்புறம் ஒரு குரல் கேட்டது. "என்ன செய்தான்? ஓவர்."

"குளிச்சான். ஓவர்."

அதன்பிறகு யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள். சோப்பு என்ன சோப்பு என்று ஒருவர் விசாரித்தார். சுடுதண்ணியா பச்சைத் தண்ணியா என்று இன்னொருவர். (லூயிஸ் அண்ணன் அவசரமாக எழுந்து முன்பக்கம் போனார்.) எங்கேயோ இருந்த ஒரு படகு, "மாப்பிள்ள பாக்க ஆள் வருதா?" என்று கேட்டது.

சாயங்காலம் ஒரு படகு வந்தது. கயிற்றில் கட்டித் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் விட்டார்கள். ஆனால் வந்தவர்கள் தண்ணீர் கொடுக்க வந்த மாதிரித் தெரியவில்லை. ஒருத்தர் பாக்கியில்லாமல் ஓரத்தில் வரிசையாக நின்று, "எவம்லே? எவம்லே?" என்று தேடினார்கள். ஜேசடிமை அண்ணன் என் சட்டையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அந்தப் படகு முழுக்கக் கைதட்டியது. ஒருவர் என்னோடு போட்டோ எடுக்கப் பார்த்தார், அலை அடித்ததில் நான் அதில் பாதிதான் விழுந்தேன். கடைசிக் கேனோடு ஒரு சோப்பும் கயிற்றில் வந்தது.

அந்தத் தண்ணீரை வைத்துச் சமாளித்து, ஐஸ் அறை நிறைகிற வரைக்கும் பிடித்துவிட்டுத்தான் திரும்பினோம். குழாயின் பிடியைக் கழற்றி ஜேசடிமை அண்ணன் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் அரிசி களைய வேண்டுமென்றாலும் அவரை எழுப்ப வேண்டும். கரை இறங்கும்போது என் தோளில் கை போட்டார்.

"நல்லா சமைக்கிய மக்கா. நல்ல பய. இனி கடலுக்கு மட்டும் வந்துராத."

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்பு மிகுதியில், என் கல்யாணத்துக்கு அவர்களைக் கூப்பிட்டுவிட்டேன். பெண் கவிதா, மறையூரில் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுகிற குடும்பம். ஜேசடிமை அண்ணனும் ஆட்களும் வேன் பிடித்து முதலமடைக்கு வந்து சேர்ந்தார்கள். மேடையேறி எனக்கு ஒரு புது வாளி, ஒரு மக்கு, ஒரு டஜன் சோப்பு கொடுத்தார்கள். ஜேசடிமை அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"மாப்பிள்ள தங்கமான பையன். ஒரே ஒரு கொற. தெனமும் ரெண்டு நேரம் குளிப்பான்."

மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. "சுத்தமான பையன்" என்று பெருமையோடு தலையாட்டினார். ஆனால் பந்தியில் லூயிஸ் அண்ணன் பெண் வீட்டாருக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். பாயசம் வருவதற்குள் மறையூர் முழுக்கத் தெரிந்துபோனது. சுடுதண்ணீர் விஷயத்தை மட்டும் அவர் சொல்லவில்லை.

கல்யாணமாகி வருஷம் சில ஆகிவிட்டது. இன்றைக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினால் போதும். நான் முதல் சொம்பு ஊற்றுவதற்குள் கதவுக்கு வெளியே என் மகள் கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிப்பாள்.

"எங்கப்பா குளிக்கப் போயிட்டாருங்க. எல்லாரும் குடிக்கறதுக்கு எடுத்து வெச்சுக்கோங்க. ஓவர்."