பதுளைக்கு இடது கண் சரியில்லை

அன்று காலையில் வந்த நான்கு பேருக்கும் இடது கண்ணில்தான் குறை இருந்தது.

முதலாமவருக்கு எழுதிக் கொடுத்தபோது ஸாஹிர் ஒன்றும் நினைக்கவில்லை. மூன்றாமவருக்கும் வலது சுத்தம், இடது மங்கல் என்றதும் கொஞ்சம் தலையைச் சொறிந்தான். நான்காவதாக வந்த ஸைனப் டீச்சர் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"நேத்து வரைக்கும் ரெண்டு கண்ணும் ஒண்ணாத்தானே தம்பி இருந்திச்சு? இடது மட்டும் எப்பிடிப் பழுதாகும்?"

"வயசுன்னா அப்பிடித்தான் டீச்சர்."

"வலது கண்ணுக்கும் அதே வயசுதானே?"

ஸாஹிர் சீட்டை எழுதி நீட்டினான். பதுளையில் மூக்குக் கண்ணாடிக் கடை திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் டீச்சர்மாருடன் வாக்குவாதம் பண்ணுவது நல்லதல்ல.

கடையின் பின்பக்கம் பலகை அடித்து மறைத்த, ஜன்னலில்லாத சிறிய அறையில்தான் கண் பரிசோதனை. எழுத்துப் போர்டைச் சுற்றி ஒட்டியிருந்த எல்.ஈ.டி. லைட்டில் கண் கூசுகிறது என்று ஆட்கள் சொன்னார்கள். ஸாஹிர் சுவரில் ஒரு ரெகுலேட்டரைப் பூட்டினான். திருப்பினால் லைட் துடித்தது; கரண்ட் பெட்டி வண்டு மாதிரி ரீங்கரித்தது. "எழுத்தெல்லாம் நடுங்குது" என்று ஒருவர் பயந்து எழுந்தே போய்விட்டார்.

ஸாஹிரை 'நானா' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் எலக்ட்ரீஷியன் நிஷாந்த் வந்து பார்த்துச் சிரித்தான்.

"இது பன்னெண்டு வோல்ட் லைட்டு நானா. சுவத்து ரெகுலேட்டர் சரிவராது. பெட்டிக்கும் லைட்டுக்கும் நடுவுல டிம்மர் போடணும். போன்லயே கூட்டலாம், குறைக்கலாம்."

முந்தின நாள் சாயந்தரம்தான் அந்த டிம்மரைப் பூட்டினார்கள். போனில் விரலை வைத்து இழுத்தால் வெளிச்சம் விடிவது போலக் கூடியது, அந்தி போலக் குறைந்தது. ஸாஹிருக்கு மனசு நிறைந்துவிட்டது. ஹாலிஎலயில் இருக்கும் தன் வீட்டில், குழந்தை தூங்கும் அறைக்கும் அதே சாமானைப் பூட்டச் சொன்னான். மனைவி ஜிப்னாவின் போனிலும் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தான்.

ஐந்தாவது ஆள் வந்ததும் ஸாஹிர் ஒரு யோசனை செய்தான். வழக்கமாக வலது கண்ணில் தொடங்குவான். இந்த முறை இடது கண்ணில் தொடங்கினான். இடது கண் அருமையாக இருந்தது. வலது கண் கெட்டுப்போயிருந்தது.

அந்த மனிதரைப் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, போனை எடுத்துப் பார்த்தான். எண்பதில் வைத்த லைட் இருபதில் நின்றது. மெதுவாகக் குறைந்ததில் அவன் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரே இழுப்பில் நூறுக்குக் கொண்டுபோனான்.

உடனே போன் அடித்தது. ஜிப்னா.

"ரூம் லைட்டை யாரு கூட்டினது? பளீர்னு எரிஞ்சு புள்ள எழும்பிட்டான்!"

"நான் கடையில ஈக்கிறேன். அங்க எப்பிடிக் கூட்டுவேன்?" என்றவன், சந்தேகத்தில் விரலைக் கீழே இழுத்தான். "இப்ப?"

"இப்ப குறையுது."

"இப்ப?"

"கூடுது! யா அல்லாஹ், விளையாடுறீங்களா? காலையிலருந்து அஞ்சு தரம் லைட்டைக் குறைச்சுத் தூங்க வச்சேன். அஞ்சு தரமும் எழும்பிட்டான். திரும்பக் கூட்டினேன்."

ஸாஹிர் நிஷாந்தைக் கூப்பிட்டான்.

"ரெண்டு எடத்துக்கும் 'ரூம்'னு ஒரே பேரா வச்சீங்க?" என்றான் நிஷாந்த். "ரெண்டையும் ஒண்ணாக்கவான்னு போன்ல கேட்டிருக்குமே?"

"கேட்டிச்சு. ஆமான்னு அமத்தினேன்."

"ஏன் நானா?"

"மரியாதையாத்தானே கேட்டிச்சு."

நிஷாந்த் தெமோதரையில் வேலையாக இருந்தான். நாலு மணிக்கு வருவதாகவும், அதுவரை எதையும் தொடவேண்டாம் என்றும் சொன்னான்.

ஸாஹிர் தொட்டான். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் லைட் தானாகவே எண்பதுக்கு வரும்படி போனில் அமைத்தான். ஹாலிஎலயில் குழந்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து உட்கார்ந்தான்.

"அதை நான் எடுத்துட்டேன்," என்றாள் ஜிப்னா அடுத்த அழைப்பில். "இப்ப தூக்கத்துக்குப் போட்டிருக்கேன். பத்து நிமிசத்துல மெதுவா அணையும். இனி நீங்க தொட்டீங்கன்னா, புள்ளைய பஸ்ல ஏத்திக் கடைக்கே கொண்டு வந்துருவேன்."

ஸாஹிர் போனை வெளி மேசை லாச்சியில் வைத்து மூடினான். அந்த நேரம் பார்த்து அழகையாவும் அவர் மனைவி இராக்கம்மாவும் உள்ளே வந்தார்கள். அழகையா ஹல்துமுல்லையிலிருந்து கிழமைக்கு ஆறு நாள் வேனில் மரக்கறி ஏற்றி வருகிறவர்.

"அடுத்த கிழமை லைசன்ஸ் மெடிக்கல் தம்பி. கண்ணு நல்லாத்தான் இருக்கு. சும்மா ஒருக்காப் பார்த்துடலாம்னு."

"நாலு மணிக்கு வாறீங்களா ஐயா?"

"அய்யோ, பனிமூட்டம் எறங்குறதுக்கு முந்தி ஹப்புத்தளையத் தாண்டணுங்க."

வந்தவரைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. பத்து நிமிடம் இருக்கிறது, ஐந்தே போதும். அழகையாவைக் கதிரையில் உட்கார வைத்தான். இராக்கம்மா ஓரமாக நின்றுகொண்டார்.

"தமிழ் எழுத்துப் போடவா?"

"வேணாம் தம்பி. இங்கிலீசே இருக்கட்டும்."

அழகையா வலது கண்ணால் கடகடவென்று வாசித்தார். ஸாஹிர் அவசரமாக இடது கண்ணுக்கு மாறினான். வெளிச்சம் இறங்குவது இப்போது அவனுக்கே தெரிந்தது. ஆனால் அழகையா தடுமாறவில்லை. பதுளையில் ஒரு நல்ல இடது கண்ணாவது இருக்கிறதே என்று நினைத்தபோது லாச்சியில் போன் அடித்தது. வெளியே ஓடினான்.

"தூங்கிட்டான்," என்று ஜிப்னா கிசுகிசுத்தாள்.

உள்ளேயிருந்து அழகையாவின் குரல் தொடர்ந்து வந்தது. "எஃப், ஈ, எல், ஓ, பீ, இஸட், டீ..."

ஸாஹிர் அறை வாசல் திரையை விலக்கினான். உள்ளே கும்மிருட்டு.

"ஐயா!"

"சொல்லுங்க தம்பி. கடைசி வரியும் வாசிக்கவா?"

"ஐயா, லைட் அணைஞ்சிருச்சு."

இருட்டுக்குள் கதிரை கிறீச்சிட்டது.

"எப்ப?" என்றார் அழகையா.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் இதே போர்டைப் பார்த்தாராம். மகள் சுதர்ஷினியைப் போனில் படம் பிடிக்கச் சொல்லி, ஒரு மாதமாக மனப்பாடம் பண்ணுகிறாராம்.

"கண்ணாடி போட்டா லைசன்ஸ் தரமாட்டாங்கன்னு சொன்னாங்க தம்பி. இந்த வேனை விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது."

"யாரு சொன்னா? கண்ணாடி போட்டு நல்லாத் தெரிஞ்சா லைசன்ஸ் குடுப்பாங்க ஐயா."

"நெசமாவா?" இருட்டுக்குள்ளிருந்து கேட்டார்.

ஸாஹிர் தயங்கித் தயங்கி ஜிப்னாவுக்கு விஷயத்தைச் சொன்னான்.

"வேன் ஓட்டுற மனுசனா? புள்ளைய நான் ஹாலுக்குத் தூக்கிட்டுப் போறேன். நல்லா வெளிச்சமாப் போட்டுப் பாருங்க," என்றாள் அவள்.

இதைக் காலையிலேயே செய்திருக்கலாமே என்று ஸாஹிருக்குத் தோன்றியது. போனில் விரலை மட்டும் நூறுக்கு இழுத்தான்.

லைட் எரிந்தது. போர்டைத் திருப்பித் தமிழ் எழுத்துகளை வைத்தான். அழகையாவுக்கு இரண்டாவது வரியே தெரியவில்லை. சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டான். நாலாவது வில்லையில் அழகையா நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி வரிவரை வாசித்தார், இந்த முறை பார்த்து. பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"மூக்குத்திய எப்ப மாத்துன?"

இராக்கம்மா இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு நாளா?"

இல்லையென்று தலையாட்டினார். வருஷம்.

ஸாஹிர் எழுதுவதை நிறுத்தினான். "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு, அந்த வளைவு ரோட்டுல, ஒரு கீறல் இல்லாம எப்பிடி ஐயா ஓட்டினீங்க?"

"ரோடு நமக்கு மனப்பாடம் தம்பி," என்றார் அழகையா பெருமையாக.

அதுவரை வாய் திறக்காமலிருந்த இராக்கம்மா, கரகரத்துப்போன தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டு வருசமா முன் சீட்டுல உக்காந்து வலது, இடது, பஸ்ஸு, மாடுன்னு கத்திக்கிட்டு வாறது நானுங்க தம்பி. இவரு ஸ்டேரிங்கை மட்டுந்தான் புடிச்சுக்கிட்டு இருந்தாரு."