வில்கமுவைக்குக் கேட்ட மழை

நேரம் தவறாதவன் என்று பெயர் எடுத்தவனை நம்பி எதையும் ஒப்படைக்காதீர்கள். அப்படிப் பெயர் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாத்தளை பஸ் நிலையத்தில் நான் டைம் கீப்பர். டிரைவர் டீயை வாயில் வைத்திருந்தாலும் நேரம் வந்துவிட்டால் விசில் ஊதிவிடுவேன். (பாதியில் வைத்த அந்த டீக்களின் சாபம்தான் பின்னால் என்னைப் பிடித்தது என்று ஒரு டிரைவர் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.) இந்தப் பெருமையை நம்பித்தான் கமலம் டீச்சர் என்னை மணிக்காரனாக்கினார்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளைக்குப் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் அலுவிகாரையிலேயே தங்கிவிட்டார். கொரோனாக் காலத்தில் கோயில்கள் பூட்டிக்கிடந்தபோது அவர் தொடங்கியதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தியானம். நாடு திறந்த பிறகும் அது நிற்கவில்லை. மொத்தம் எட்டு வீடுகள். மாலை நாலு மணிக்கு அவரவர் வீட்டில் அவரவர் விளக்கை ஏற்றி, போனில் ஒரே அழைப்பில் சேர்ந்துகொள்வோம். அந்த வாரம் எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டின் வேண்டுதலை எட்டு வீடும் மனதில் நிறுத்தி, இருபது நிமிடம் கண்மூடி இருக்க வேண்டும். மகனுக்கு வேலை, காணாமல் போன பசு, நின்றுபோன கல்யாணம் எல்லாம் வந்தன. டீச்சரின் முழங்கால் வலி மட்டும் ஆறு தடவை வந்தது. உலக சமாதானம் வந்த வாரத்தில், தன் வீட்டுக் கூரை ஒழுகுவதையும் அதோடு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பலாபத்வல பாலன் கேட்டார்.

சட்டம் ஒன்றுதான். அதை டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தம்பி மணி அடிக்கும் வரைக்கும் ஒருத்தரும் கண் திறக்கப்படாது. ஒரு வீடு திறந்தாலும் எட்டு வீட்டுப் பலனும் போயிடும்."

எல்லோரும் தங்கள் மைக்கை மூடிவிட வேண்டும். மணி கேட்க வேண்டும் என்பதால் என் மைக் மட்டும் திறந்தே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

அந்த வாரம் ராஜேஸின் முறை. ராஜேஸ் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பண்டார என்கிற சிங்களவரைக் கட்டிக்கொண்டு, தூரத்து வறண்ட பக்கமான வில்கமுவையில் வயல் செய்கிறாள். அழைப்பில் அவள் குரல் கம்மியிருந்தது.

"அண்ணே, வெதச்சது மொளச்சு நிக்குது. வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல. இன்னும் நாலு நாளு மழ இல்லாட்டி எல்லாம் கருகிரும். அவரும் இன்னக்கி எங்கூட ஒக்காந்திருக்காரு. தமிழ் வெளங்காது, ஆனா ஒக்காந்திருக்காரு."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இன்று உயிரைக் கொடுத்தாவது அந்த மழையை வில்கமுவைக்கு அனுப்பிவைப்பது என்று முடிவு செய்தேன். (பஸ்ஸை அனுப்பி அனுப்பிப் பழகியவன் பாருங்கள்.) சாமி அறை மணியை எடுத்து ஓங்கி ஒரு அடி அடித்து, போனை ஜன்னல் கட்டையில் வைத்தேன். எங்கள் வீட்டில் சிக்னல் நிற்கும் ஒரே இடம் அதுதான். ஜன்னலுக்கு வெளியே முற்றம். முற்றத்தில் மூன்று பாய். பாயில் கராம்பு.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கராம்பு மரம் உண்டு. என் மாமனார் நட்டது. எனவே எனக்கு அதில் உரிமை கிடையாது, வேலை மட்டும்தான் உண்டு. என் மனைவி சாந்தி நாலு நாளாக வெயில் பார்த்து, பாயை இழுத்து இழுத்துக் காயவைத்த கராம்பு அது. இன்னும் ஒரு வெயில் பட்டால் போதும். அன்று ஒரு சடங்கு வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிப் புறப்பட்டவள், வாசலில் நின்று சொன்னாள்.

"வானம் கருத்தா அள்ளி உள்ள வச்சிருங்க. வேற ஒரு வேலயும் செய்ய வேணாம். அது ஒண்ண செஞ்சா போதும்."

ஆறு நிமிடம் போயிருக்கும். இடி முழங்கியது. நான் கண்மூடியபடி சிரித்துக்கொண்டேன். ஆகா, வேலை செய்கிறது! எட்டு வீட்டுச் சக்தி லேசுப்பட்டதா? அடுத்த இடி கொஞ்சம் பக்கத்தில் விழுந்தது. அப்போதும் வில்கமுவைக்குப் போகிற வழியில் மழை நம் ஊரைக் கடக்கிறது என்றுதான் நினைத்தேன். சமையலறைத் தகரத்தில் முதல் துளி 'டொக்' என்றபோதுதான் கராம்பு ஞாபகம் வந்தது.

எழுந்தால் எட்டு வீட்டுப் பலனும் போகும். எழாவிட்டால் என் வீட்டில் நான் இருக்க முடியாது. ராஜேஸின் பயிரை நினைத்து ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை என் நற்சான்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓடினேன்.

முதல் பாயைச் சுருட்டுவதற்குள் காற்று இரண்டாவது பாயைப் புரட்டியது. அதிலிருந்த கராம்பு அத்தனையும் முற்றத்துத் தண்ணீரில் மிதந்து வடிகானை நோக்கிப் புறப்பட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன். வழுக்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கையாலும் கராம்பை அள்ளிக்கொண்டு, அண்ணாந்து பார்த்து அந்த மழையை ஏசத் தொடங்கினேன். பஸ் நிலையத்தில் கற்ற தமிழ் அன்றுதான் முழுசாகப் பயன்பட்டது. அச்சில் போடக்கூடியதை மட்டும் தருகிறேன்.

"ஏய் மானங்கெட்ட மழையே! உன்ன எங்க போகச் சொன்னோம், நீ எங்க வந்து கொட்டுற? போ! வில்கமுவைக்குப் போ! கூப்பிட்ட வீட்டுக்குப் போகத் தெரியாதா உனக்கு?"

அந்த நேரம் பார்த்துத்தான் சாந்தி த்ரீவீலில் வந்து இறங்கினாள். பட்டுச்சேலையோடு சேற்றில் இறங்கி, மூன்றாவது பாயைத் தூக்கினாள். ஈரக் கராம்பை ஹாலில் கொட்டி, ஃபேனைப் போட்டு, துவாயால் ஒற்றி, கல்லும் மண்ணும் பொறுக்கினோம். அப்போது கேட்டாள்.

"ஒரு வேலதானே சொன்னேன்?"

"தியானத்துல இருந்தேன்..."

"நீங்க எட்டு வீடு சேந்து கேட்டதுதானே இந்த மழ?"

குற்றத்தை வேறு யார் தலையிலாவது போட வேண்டிய நிலைமை. நான் போட்டேன்.

"எட்டு வீடும் ஆறு வாரம் கேட்டு அந்த டீச்சரம்மாவோட மொழங்கால் வலியே போகல. இந்த மழைக்கு மட்டும் எப்பிடித்தான் காது கேட்டுச்சோ!"

சாந்தி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, போன்ல இன்னும் ஆளு இருக்கு."

எழுந்து போய்ப் பார்த்தேன். ஓர் ஆளா? மற்ற ஏழு வீடும் இருந்தது. நான் மணி அடிக்கவில்லை. மணி அடிக்காததால் ஒருவரும் கண் திறக்கவில்லை. இருபது நிமிடத் தியானம் ஒரு மணித்தியாலம் பன்னிரண்டு நிமிடமாகியிருந்தது. ஈரக் கையால் மணியைத் தேடி எடுத்து அடித்தேன். அந்தச் சத்தம் எனக்கே வெட்கமாக இருந்தது.

மைக்குகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் பாலன்.

"எனக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. காலு இருக்கான்னு பாத்துத்தான் சொல்லணும்."

அடுத்தது நகரத்திலிருந்து மல்லிகா அக்கா. "அடுப்புல பருப்பு தண்ணி வத்தி, அடிப்பிடிச்சு, சட்டியும் போச்சு டீச்சர். வாசம் மூக்குக்கு வந்துச்சு. நான் கண்ணத் தொறக்கலயே!"

"ஏன் யாருமே கூப்பிடல?" என்று ஈனக் குரலில் கேட்டேன்.

"நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு" என்றார் பாலன். "கண்ணத்தானே மூடச் சொன்னாங்க, காத மூடச் சொல்லலியே."

கடைசியாக டீச்சர் மைக்கைத் திறந்தார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, என்ர முழங்கால் இப்ப நல்ல சுகம்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. மழையில் நனைந்து வெடிப்பெல்லாம் ஒட்டிக்கொண்டது போலும். ஆனால் உள்ளுக்குள் குத்தியது வேறொன்று. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ராஜேஸ், அங்க மழ...?"

"ஒரு சொட்டு இல்லண்ணே."

அந்த இடத்தில் என் பகிடியெல்லாம் செத்துப்போனது. அவள் பயிருக்காக எட்டு வீடு உட்கார்ந்தது. கால் மரத்தும் சட்டி கருகியும் ஏழு வீடு அசையவில்லை. எழுந்து ஓடிய வீடு என்னுடையது. மன்னிப்புக் கேட்கப் போனேன்; அதற்குள் ராஜேஸ் பேசினாள்.

"அண்ணே, இவரு ஒண்ணு கேக்குறாரு. நடுவுல நீங்க சத்தமாச் சொன்ன மந்திரம் ரொம்ப நல்லா இருந்துச்சாம். அது என்ன மந்திரம்னு கேக்குறாரு."

எட்டு வீட்டிலும் சிரிப்பு வெடித்தது. டீச்சர் சிரித்ததை இதுவரை அன்று ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். என் பக்கத்தில் சாந்தியும், சேறு பட்ட பட்டுச்சேலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் நாள் வில்கமுவையில் மழை பெய்தது. வயல் பிழைத்தது. டீச்சர் அது ஒரு மணித்தியாலம் பன்னிரண்டு நிமிடத் தியானத்தின் பலன் என்றார். பண்டார ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்த மந்திரம்தான் என்று இன்றுவரை நிற்கிறார்.

மணி என் கையை விட்டுப் போய்விட்டது. இப்போது பாலன் வைத்திருக்கிறார், பாதுகாப்புக்கு மல்லிகா அக்காவிடமும் ஒன்று. காப்பாற்றிய கராம்பு வெளுத்துப்போய், விற்கவும் முடியாமல் எறியவும் மனமில்லாமல், ஒரு போத்தலில் கிடக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் சாந்தி அதில் இரண்டைத் தட்டிப் பிளேன்டீயில் போட்டுக் கொடுப்பாள். டீயோடு கதையும் வரும். கதை முடியும்வரை யாரும் கோப்பையைக் கீழே வைக்கக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம்.

போன வாரம் ராஜேஸிடமிருந்து குரல் பதிவு வந்தது. "அண்ணே, இந்த வருசமும் வயலு வெடிச்சுக் கெடக்கு. டீச்சர் ஞாயித்துக்கெழம எல்லாரையும் ஒக்கார வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க. ஆனா இவரு கேக்க மாட்டேங்குறாரு. நீங்க அன்னக்கி முத்தத்துல நின்னு மழைய கொஞ்சம் ஏசணுமாம்."

மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் ஞாயிறு நாலு மணிக்கு, மற்ற ஏழு வீடும் கண்ணை மூடிய பிறகு, என் கால் தானாக முற்றத்துக்குப் போனது. அண்ணாந்து பார்த்தேன். ஏச ஒரு வார்த்தையும் வரவில்லை. சும்மா இருக்கிற மழையை எப்படி ஏசுவது?

சாந்தி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், அன்றுதான் காய்ந்து முடிந்திருந்த இந்த வருடக் கராம்பைப் பாயோடு தூக்கி வந்து, முற்றத்தின் நடுவில் விரித்தாள்.

"இப்ப ஏசுங்க" என்றாள்.