ஊருக்கெல்லாம் ஓடிபி வாங்கும் அண்ணன்

காட்டில் புலி குறைகிறது, வயலில் குருவி குறைகிறது என்று கவலைப்படுகிறவர்களே, நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகப் பெருகிவரும் ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்: செயலி அண்ணன்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். கடைக்காரர் ரசீதை நீட்டினால் நெருப்பைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டு, "காகிதமா? ஒரு மரத்தையே கொன்னுட்டீங்களே!" என்பார். தாம் காப்பாற்றிய மரங்களை எண்ணிக் காட்ட அவரிடம் ஒரு செயலி இருக்கிறது. அது பழைய போனில் ஓடாது என்பதால் வருஷத்துக்கொரு புதுப் போன் வாங்குவார். வாங்கிய போனோடு, 'டிஜிட்டல் பொருளாதாரமும் நிலைத்த வளர்ச்சியும்' என்று ஊர் ஊராகப் பேசுவார். பேசியதை இருபது பக்கம் அச்சடித்து வாசலில் வைத்துக் கொடுப்பார். ஏன்? போனில் அனுப்பினால் யாரும் படிப்பதில்லையாம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "உங்களுக்கு எதுக்கு சிரமம்? நான் பாத்துக்கறேன்" என்பார் பாருங்கள், அப்போதுதான் நாம் பயப்பட வேண்டும்.

எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா மின்விசிறி, மிக்ஸி எல்லாம் பழுது பார்க்கிறார். தூக்கிப் போடு என்று நாலு பேர் சொன்ன சாமானை ஓடவைத்துத்தான் கையில் கொடுப்பார். நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதில்லை. பள்ளிகளின் மின்விசிறிகளை ஒரு வருஷம் பழுது பார்க்கும் வேலைக்கு நகராட்சி இணையத்தில் விண்ணப்பம் கேட்டது. கிடைத்தால் மகளைக் கல்லூரியில் சேர்த்துவிடலாம். அண்ணன் சும்மா இருப்பாரா? தாமே விண்ணப்பத்தை நிரப்பினார். போன் நம்பர் என்ற இடத்தில் தம்முடைய நம்பரைப் போட்டார்.

"ஓடிபி எனக்கே வந்துரும்க்கா. நீங்க நிம்மதியா இருங்க."

கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். அக்கா நாலரைக்குக் கணினி மையத்தில் உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டால், போன் அணைந்து கிடக்கிறது. அக்கா அப்படியே எழுந்தார். அண்ணன் கூட்டம் போட்டிருந்த மண்டபத்துக்கு ஓடினார். அங்கே மேடையில் அண்ணன், 'மின்சாரம் சேமிப்போம்' என்று காலையிலிருந்து நேரலை ஓட்டி, போனின் உயிரை வாங்கிவிட்டு நின்றார்.

"அண்ணே, ஓடிபி!"

"பதறாதீங்கக்கா. டிஜிட்டல்ல எல்லாமே ஒரு நொடிதான்."

"அப்ப போனைப் போடுங்க!"

"சார்ஜ் இல்லையே. இது புது மாடல், இங்க இருக்கிற எந்த சார்ஜரும் இதுக்குச் சேராது."

மணி நாலு ஐம்பது. இருநூறு பேர் பூமியைக் காப்பாற்ற வந்த மண்டபத்தில், ஒருத்தருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா கேட்கவில்லை, கொள்ளவில்லை. போனைப் பிடுங்கினார், கொண்டை ஊசியால் குத்தி சிம்மை வெளியே எடுத்தார், தாமே மூன்று முறை பழுது பார்த்து ஓட்டும் தம் பழைய போனில் போட்டார். மையத்துக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, ஓடிபியை இன்னொரு தடவை அனுப்பச் சொல்லு!" என்றார். வந்தது. ஆறு எண்ணையும் மண்டபமே கேட்கும்படி கத்தினார்.

"பதிஞ்சுருச்சுக்கா!" என்றது போன். மணி நாலு ஐம்பத்தெட்டு. அக்கா மேடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அண்ணன் என்ன செய்தார் என்கிறீர்கள்? ஒலிபெருக்கியைப் பிடித்து, "பாத்தீங்களா, எட்டே நிமிஷம்! இதுதாங்க டிஜிட்டல் புரட்சி!" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இருநூறு பேரில் ஒருவனாக உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன்.

வேலை அக்காவுக்கே கிடைத்தது. மகள் கல்லூரிக்குப் போகிறாள். அக்கா செய்த முதல் காரியம், நகராட்சிக்கு நேரில் போய் நம்பரை மாற்றியது.

சிரித்து முடித்துவிட்டீர்களா? நல்லது. அப்பாவின் வங்கிக் கணக்குக்கு, அம்மாவின் கேஸ் பதிவுக்கு, மாமனாரின் மருத்துவமனைச் சீட்டுக்கு யாருடைய நம்பரைக் கொடுத்திருக்கிறீர்கள்? "அவங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க, நான்தான் பாத்துக்கறேன்" என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், இதைப் படிக்கும்போது தொந்தரவு வேண்டாமென்று ஒலியை அடக்கி வைத்தீர்களே, அந்தப் போனை எடுத்துப் பாருங்கள். அம்மா ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறார்.