பெயர் தெரியாத கனவானைத் திருப்பி எடுத்துக்கொள்வது குறித்து

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அங்கு நீங்களும் வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் படம் எங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை ஒரு வண்டியையும் தூக்குவதற்கு இரண்டு ஆட்களையும் அழைத்து வந்து, எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கும் அந்த மனிதரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிக்கிறீர்கள், பிறகு அக்காவிடம் கொடுக்கச் சொல்கிறீர்கள், அவள் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். அதனால்தான் கடிதம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில், யாரும் என்னைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அது இன்றுவரை நடக்கவில்லை.

நீங்கள் அன்றைக்கு ஏலத்துக்குப் போனது சாப்பாட்டு மேஜை வாங்க. வந்தது மேஜை அல்ல, இருநூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆள். ஏன் என்று கேட்டதற்கு, "யாருமே கையைத் தூக்கல அத்தான், அவரைப் பாத்தா பாவமா இருந்துச்சு" என்றீர்கள். பாவம் பார்த்தது நீங்கள், இடம் கொடுத்தது நான். உங்கள் வீட்டுக் கூரை தாழ்வு, படம் நிற்காது, "ரெண்டே வாரம்" என்று சொல்லி இங்கே இறக்கினீர்கள். அப்போது மழைக்காலம். இப்போது அடுத்த மழை வந்துவிட்டது. படத்தின் சட்டம் எங்கள் வாசலில் நுழையாததால் தச்சரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றினோம். திரும்ப மாட்டியதிலிருந்து அந்தக் கதவு காலால் ஓர் உதை கொடுத்தால்தான் சாத்திக்கொள்கிறது. அவருக்கு இடம் விட்டுக் கடிகாரம் சமையலறைக்குப் போனது. மணி தெரிய வேண்டுமானால் நான் எழுந்து போக வேண்டும், எழுந்து போனால் வந்ததுதான் வந்தீர்கள் என்று ஏதாவது ஒரு வேலை காத்திருக்கிறது.

படத்தின் பின்னால் ஏலக்கூடத்துக்காரர்கள் ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. 'பெயர் தெரியாத கனவான். ஓவியர் தெரியவில்லை.' இவ்வளவுதான். கறுப்புக் கோட்டு, தாடையை முட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டை, மூடிய புத்தகத்தின் மேல் ஒரு கை. பார்வை மட்டும், விடுமுறை கேட்டு வந்த குமாஸ்தாவைப் பார்க்கும் மேலதிகாரியின் பார்வை. அந்தப் பார்வையிடம் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் எந்த மூலைக்குப் போனாலும் கண் கூடவே வருகிறது. இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் பனியனோடு உட்கார்ந்தேன்.

"சட்டையைப் போடுங்க. எதிர்ல ஒருத்தர் இருக்காரு" என்றாள் உங்கள் அக்கா.

"அது படம்."

"படமா இருந்தா என்ன? மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா?"

சட்டையைப் போட்டேன். போட்டது தப்பு. அன்றிலிருந்து அவள் அவருக்குப் பெரியவர் என்று பெயர் வைத்து, என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். "பாத்தீங்களா பெரியவரே, அந்தக் குழாய் ஒழுகுதுன்னு எத்தனை நாளா சொல்றேன், காதுல வாங்குறாரா?" நானும் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள், "குழாய்க்காரர் நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காருன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்று நானே அவரிடம் சொல்லும்படி ஆயிற்று. குழாய்க்காரரும் வந்தார். வேலையை விட்டுவிட்டுப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க தாத்தாவா சார்? மூக்கு அப்படியே இருக்கு." நான் வாயைத் திறப்பதற்குள், "மூக்கு மட்டுமில்ல, என்ன கேட்டாலும் பதில் சொல்லாம இருக்கறதும் அப்படியேதான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குழாய்க்காரர் சிரித்தார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இதெல்லாம் போதும் போதும் என்று ஆன பிறகுதான் விற்றுவிடலாம் என்று உங்களைக் கெஞ்சினேன். நீங்களும் சம்மதித்து, உங்கள் பெயரிலேயே அதே ஏலக்கூடத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். மறுபடியும் தச்சர், மறுபடியும் கதவு. அங்கே விலை மதிப்பவர் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரியவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "பொம்பளைங்க படம்னா போகும் சார். குழந்தைன்னா இன்னும் நல்லாப் போகும். நாய் இருந்தா அடிச்சுக்குவாங்க. இவரு மூஞ்சியைப் பாருங்க, வாங்கிட்டுப் போய் யாரு வீட்ல மாட்டுவாங்க?" என்றார். எனக்கு ஏனோ சுருக்கென்றது. என் மூக்கு என்று குழாய்க்காரர் சொன்னது நினைவுக்கு வந்திருக்கலாம். "அப்படி ஒண்ணும் மோசமில்லையே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏலத்துக்கு முதல் நாள் நீங்கள் போனில் சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அத்தான், நீங்க போய் ரெண்டு தடவை மட்டும் அட்டையைத் தூக்குங்க. கேக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாதான் சூடு பிடிக்கும். அப்புறம் சும்மா உக்காந்துடுங்க." அது சரியான காரியமா என்று நான் கேட்டேன், "எல்லாரும் செய்யறதுதான்" என்றீர்கள். எல்லாரும் செய்கிற காரியம் எதுவும் எனக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

நானும் உங்கள் அக்காவும் ஒன்றாகத்தான் போனோம். அவளுக்கு ஏசி குளிர் ஆகாது என்று பின்னால் தூணோரம் போய்விட்டாள். எனக்குக் காது மந்தம் என்று முன்வரிசை. எண் எழுதிய அட்டை ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு சீமாட்டி போனாள், ஒரு தளபதி போனார், நாயோடு ஒரு சிறுமி வந்தபோது நிஜமாகவே அடித்துக்கொண்டார்கள். பிறகு நம் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூடம் கப்சிப். இருமல் சத்தம்கூட இல்லை. அத்தனை பேர் முன்னால் அவர் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை. தூக்கினேன். உடனே ஏலம் விடுகிறவர் எனக்குப் பின்னால் யாரையோ காட்டினார். திரும்பினால், தூணுக்குப் பக்கத்தில் ஒரு கையும் ஓர் அட்டையும் மட்டும் தெரிந்தன. சரி, சூடு பிடித்துவிட்டது என்று இரண்டாம் முறை தூக்கினேன். அந்தக் கையும் தூக்கியது. அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எனக்குத் தோள் பிடிப்பு உண்டு, உங்களுக்குத் தெரியும். தூக்கிய கை சில நேரம் சட்டென்று இறங்காது. அந்தத் தூணோரத்துக் கையோ இறங்குகிற வழியாக இல்லை. அவ்வளவு பிடிவாதமான கையை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன். பார்த்திருக்கிறேன், தினமும்தான் பார்க்கிறேன், ஆனால் அப்போது உறைக்கவில்லை. கடைசியில் தோள் உண்மையாகவே வலித்து, கை கீழே விழுந்தது. சுத்தியலைத் தட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

பணம் கட்டும் மேஜையில் என்ன நடந்தது என்று விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. வென்றவரைப் பார்க்கலாம் என்று போனேன். அங்கே உங்கள் அக்கா கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டு அட்டைக்கும் பதிவேட்டில் இருந்த முகவரியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே வீடா?" என்று உங்கள் அக்காவைக் கேட்டாள். "ஆமாம்மா." "எடுத்துட்டு வந்ததும் அந்த வீட்ல இருந்துதானா?" "ஆமாம்மா." அவள் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் ரசீது எழுதினாள். ஏலக்கூடத்துக்கு விற்றதற்கு ஒரு கமிஷன், வாங்கியதற்கு ஒரு கமிஷன். என்னிடம் சொன்னதையே நீங்கள் அக்காவிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை.

இப்போது பெரியவர் பழைய இடத்திலேயே இருக்கிறார். ரசீது உங்கள் அக்கா பெயரில். சட்டப்படி உங்களை நான் எதுவும் கேட்க முடியாதுதான். ஆனாலும் ஆரம்பித்து வைத்தது நீங்கள். உங்கள் அலுவலகத்தில் மாட்டுங்கள், ஆட்கள் ஒழுங்காக வேலை செய்வார்கள். எனக்குச் சண்டை போடவும் திராணி இல்லை, இன்னொரு முறை கதவைக் கழற்றவும் திராணி இல்லை. கடைசியாக ஒரு முறை கழற்றிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துவிடுகிறேன்.

பெரியவளுக்குப் பரீட்சை நன்றாக நடக்கட்டும். சின்னவனுக்குச் சளி குறையட்டும். உங்கள் மனைவிக்கு என் அன்பு. சகல சௌபாக்கியங்களும் உங்கள் வீட்டுக்கு வரட்டும். அவற்றோடு இவரும் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "தம்பி எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றாள். பிறகு எதற்காகத் தூக்கினாய் என்று கேட்டேன். "பையன் வெளியூர் போனதுலேருந்து இந்த வீட்ல நீங்களும் நானும் என்னங்க பேசிக்கிட்டோம்? கேஸ் வந்துச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான். இவரு வந்தப்புறம் சண்டையாவது போடறோம். முன்னால யாரு அட்டையைத் தூக்கறாங்கன்னு தூண் மறைச்சிடுச்சு, யாரோ எடுத்துட்டுப் போயிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றாள். பிறகு, "தம்பி உங்களை ரெண்டு தடவைதானே தூக்கச் சொன்னான்?" என்று கேட்டாள். தோள் பிடிப்பு என்றேன். "எந்தத் தோளுன்னு அவரைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். அவரைப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

வண்டி வேண்டாம். ஆட்களும் வேண்டாம். சனிக்கிழமை சாப்பிட மட்டும் வாருங்கள், வரும்போது ஒரு கனமான ஆணி வாங்கி வாருங்கள். இப்போது இருப்பது வளைந்துகொண்டே வருகிறது. அவர் விழுந்துவிடுவாரோ என்று இரண்டு நாளாக எங்கள் இருவருக்குமே தூக்கம் இல்லை.