கொப்பி இல்லாத கலியாணம்

"நானா, மணப்பொண்ணு நடக்கல்ல. நிண்டுட்டா."

உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து தங்கை ஷிஹாரா சொன்னது நஜாத்துக்கு நன்றாகவே கேட்டது. கேட்காத ஆளைப் போலக் கெமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கலியாணப் பொண்ணு மெதுவாத்தான் நடக்கும்."

"மெதுவா இல்ல நானா. தூக்கின கால் தூக்கினபடி நிக்கி. நான் போய் தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வந்துட்டன். கால் இன்னும் கீழ வரல்ல."

கற்பிட்டிக் கடைத்தெருவில் இருக்கும் நஜாத்தின் ஸ்டூடியோவுக்கு இரண்டு அறைகள். முன்னறையில் நஜாத் ஆண்கள் பக்கப் படங்களைச் செய்வான். உள்ளறையில் ஷிஹாரா பெண்கள் பக்கத்தைச் செய்வாள். கலியாண வீட்டில் பெண்கள் பக்கத்தைப் படம் பிடிப்பதும் அவள்தான், வெட்டி ஒட்டுவதும் அவள்தான். அவள் வேலையில் இருக்கும்போது எந்த ஆணும் அந்தத் திரைச்சீலையைத் தாண்டக் கூடாது. கடைச் சொந்தக்காரனுக்கும் அதே சட்டம்தான்.

இப்போது ஒற்றைக் காலில் நிற்பவள் குறிஞ்சிப்பிட்டி ஜபார் ஹாஜியாரின், அண்மையில் கலியாணம் முடிந்த மகள் அஸ்னா. நாளை வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் புத்தளத்திலிருந்து ஹாஜியார் வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பெண்களெல்லாம் உள்மண்டபத்தில் அமர்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. நாளை படம் இல்லையென்றால் இந்த ஊரில் நஜாத்தும் இல்லை.

ஏனென்றால் அவன் ஏற்கனவே இரண்டு கலியாணங்களைத் தொலைத்தவன். றிஸ்வி என்ற ஒருவரின் கலியாணம் பழைய கணினியோடு சேர்ந்து செத்துப்போனது. இன்னொன்று மின்சாரம் போய் வந்ததில் போனது போனதுதான். அதன் பிறகு ஊரில் ஒரு பேச்சு உண்டாகியிருந்தது: "நஜாத்துட கெமராவப் பாத்துச் சிரிக்கத் தேவல்ல. நேர்ல வந்திரிக்கிற ஆக்களப் பாத்துச் சிரிங்க, அவங்களுக்காவது ஞாபகம் இரிக்கும்."

அப்படிப்பட்டவனைத் தேடி ஹாஜியாரே வந்தார். புத்தளத்தில் கண்ணாடி போட்ட பெரிய ஸ்டூடியோக்கள் இருக்க, தன் வாகனத்தை இந்தக் கடை வாசலில் நிறுத்தினார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"பொம்புளைகள் பக்கத்துக்குக் கொப்பி இரிக்கக் கூடாது. இன்டர்நெட்ல ஏத்துற, வேற பெட்டில போட்டு வெக்கிற, ஒண்டும் கூடாது. ஒரே இடத்தில இரிக்கணும். முடிஞ்சதும் என்ட கையில வரணும்."

நஜாத் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவனைப் போல நிமிர்ந்தான். அவனிடம் டிஸ்க் அடுக்கு ஒன்று வந்து சேர்ந்திருந்தது. புத்தளத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் சாரங்கன் பூட்டிக் கொடுத்தது. நாலு டிஸ்க்குகள் ஒரே டிஸ்க்கைப் போல வேலை செய்யும்.

அது எப்படியென்றால், நாலு பேர் களப்புக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். மூன்று பேர் மீன் பிடிக்கிறார்கள். நாலாமவன் பிடிப்பதில்லை, மூன்று கூடைகளிலும் சேர்த்து எத்தனை மீன் என்ற மொத்தத்தை மட்டும் மனதில் வைத்திருக்கிறான். ஒருவனின் கூடை தண்ணீரில் விழுந்துவிட்டால், மொத்தத்திலிருந்து மற்ற இரண்டு கூடைகளைக் கழித்தால் போதும், விழுந்ததில் எத்தனை இருந்தன என்று தெரிந்துவிடும். மொத்தக்காரனே மறந்துபோனாலும் பாதகமில்லை, மறுபடி கூட்டிக்கொள்ளலாம். டிஸ்க் அடுக்கும் இப்படித்தான் படத்தைத் துண்டு துண்டாக்கி மூன்றில் பரப்பி, நாலாவதில் கூட்டுத்தொகையை வைக்கிறது. அந்தக் கூட்டுத்தொகை வேலையையும் ஒருவர் தலையிலேயே கட்டாமல், துண்டுக்குத் துண்டு முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள். இதற்கென்று விலைகூடிய தனி அட்டை எதுவும் தேவையில்லை. கணினி தன் சொந்த மூளையாலேயே கூட்டிக் கழித்துக்கொள்ளும். எழுதும்போதுதான் கொஞ்சம் மந்தம். ஒரு கூடையில் ஒரு மீன் மாறினாலும் மொத்தக்காரனைக் கூப்பிட்டுத் திருத்த வேண்டுமே.

இதில் அழகு என்னவென்றால், எந்த டிஸ்க்கும் மற்றதின் கொப்பி இல்லை. எதிலும் முழுப் படம் இல்லை. ஆனாலும் ஒன்று செத்தால் படம் சாகாது.

"அப்ப கொப்பி இல்ல?" என்று கேட்டார் ஹாஜியார்.

"சத்தியமா இல்ல ஹாஜியார். ஆனா துலையவும் துலையாது."

'துலையாது' என்றபோது ஹாஜியாரின் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. நஜாத் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

"கொப்பி இல்லாட்டிப் போதும்," என்று சொல்லிவிட்டு ஹாஜியார் போனார்.

இன்று அந்த நாலில் ஒன்று செத்துவிட்டது. படம் சாகவில்லை, ஆனால் கால் தூக்கி நிற்கிறது. போனவனின் கூடையைப் பற்றி யார் கேட்டாலும், மற்ற மூவரும் கூடி ஒவ்வொரு முறையும் கழித்துப் பார்த்துத்தானே பதில் சொல்ல வேண்டும்?

நஜாத் சாரங்கனுக்குப் போன் எடுத்தான்.

"நஜாத் அண்ணை, ஒண்டையும் தொடாதேங்கோ," என்றான் சாரங்கன். "முதல்ல உள்ளதெல்லாத்தையும் வேற டிஸ்க்கில கொப்பி எடுங்கோ."

"எடுக்கேலா. சத்தியம் பண்ணிட்டன்."

"ஆரிட்ட?"

"ஹாஜியாரிட்ட."

"அப்ப ஹாஜியாரிட்டயே திருத்தவும் குடுங்கோ." சாரங்கன் பெருமூச்சு விட்டான். "சரி, அப்பிடியே விடுங்கோ. மெதுவா எண்டாலும் வேலை முடியும். பின்னேரம் நான் வந்து மாத்துறன். அதுவரைக்கும் பெட்டியைத் திறக்கக் கூடாது, விளங்கிச்சோ?"

"விளங்கிச்சி," என்று சொல்லிவிட்டு நஜாத் பெட்டியைத் திறந்தான்.

அலுமாரியில் புது டிஸ்க் ஒன்று இருந்தது. செத்ததைக் கழற்றிப் புதியதைப் போட்டால் மற்ற மூன்றும் கணக்குச் சொல்லி அதை நிரப்பிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். எது செத்தது என்பதுதான் தெரியாது. நாலும் ஒரே நிறம், ஒரே உயரம். பெட்டியை நிறுத்தாமலே ஒவ்வொன்றின் மீதும் கை வைத்துப் பார்த்தான், காய்ச்சல்காரனின் நெற்றியைப் பார்ப்பது போல. ஒன்று நெருப்பாகச் சுட்டது.

"பாவம்," என்று சொல்லி அதைப் பிடுங்கினான்.

செத்தது சுடுவதில்லை. செத்தவனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறவன்தான் சுடுவான். நஜாத் பிடுங்கியது, இருந்த மூன்றில் நன்றாக உழைத்துக்கொண்டிருந்த ஒன்றை.

"நானா," என்றாள் ஷிஹாரா. "இப்ப காலும் இல்ல. பொண்ணும் இல்ல."

பிடுங்கியதை அவசரமாகத் திரும்பச் செருகினான். அடுக்கு அதை ஏற்கவில்லை. கணக்கு எழுதும் நேரத்தில் எழுந்து வெளியே போனவனை மற்றவர்கள் நம்புவதில்லை. நீ போன நேரத்தில் என்னென்ன மாறியது என்று உனக்குத் தெரியாதே என்பார்கள். இதற்கும் மருந்து உண்டு, சாரங்கனுக்குத் தெரியும். ஆனால் சாரங்கனைக் கூப்பிட்டால் பெட்டியைத் திறந்ததைச் சொல்ல வேண்டிவரும்.

நஜாத் யூடியூப்பைக் கூப்பிட்டான். அதில் ஒருவர் மிகுந்த உற்சாகத்தோடு, அடுக்கைப் புதிதாக உருவாக்கினால் எல்லாம் சரியாகும் என்றார். நஜாத் டிஸ்க்குகளின் பெயர்களைத் தனக்குத் தோன்றிய வரிசையில் எழுதினான். இவற்றில் பழைய அடுக்கு ஒன்று இருப்பது போலத் தெரிகிறது, நிச்சயமாகத்தானா என்று கணினி கேட்டது. ஆம் என்றான். வாழ்க்கையில் அவனை யாரும் அவ்வளவு மரியாதையாக எச்சரித்ததில்லை.

அடுக்கு எழுந்தது. பெண்தான் வரவில்லை.

பின்னேரம் பஸ்ஸில் வந்திறங்கிய சாரங்கன் கதையைக் கேட்டுவிட்டுப் பையைக் கீழே வைத்தான்.

"அண்ணை, நான் தொடாதேங்கோ எண்டு சொன்னதுல எந்தச் சொல் விளங்கேல்லை?"

"படம் வருமா, சாரங்கன்? வராட்டி நான் கட்டாருக்குத்தான் போகணும்."

"துண்டெல்லாம் அப்பிடியே கிடக்கு. வரிசைதான் பிழை. செத்தவன்ரை இடத்தையும் சேத்து நாலு பேரை நிப்பாட்ட இருவத்துநாலு விதம் இருக்கு. ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாப்பம்."

அதில்தான் அடுத்த சிக்கல் வந்தது. வரிசை சரியா பிழையா என்று அறியப் படத்தைப் பார்க்க வேண்டும். சாரங்கன் ஓர் ஆண்.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கணினித் திரைகள் இரண்டு இருந்தன. கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடுவது திரைச்சீலைக்கு வெளியே சாரங்கனுக்கு. அதை எந்த ஆணும் பார்க்கலாம், யாரும் ஆசைப்பட மாட்டார்கள். படம் வரும் திரை உள்ளே ஷிஹாராவுக்கு. அவன் வரிசையை மாற்றுவான், அவள் கண்டதைச் சொல்வாள்.

"இப்ப எப்பிடி, தங்கச்சி?"

"ஒண்டும் தொறக்குதில்ல, அண்ணா."

"இப்ப?"

"மணப்பொண்ணுட நெத்திக்குக் கீழ வட்டிலப்பக் கோப்பை."

"இப்ப?"

"மாப்புளட உம்மாக்குப் பாதி முகம் பச்சை."

"மற்றப் பாதி?"

"அது பச்சையா இருந்திருந்தா நல்லம்."

நஜாத் சிரிக்கவில்லை. அவன் மனதில் கட்டார் விமான நிலையத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.

"இப்ப?"

உள்ளே கதிரை ஒன்று முன்னுக்கு இழுபட்டது.

"தெளிவா இரிக்கி," என்றாள் ஷிஹாரா. நஜாத் எழுந்து நின்றான். "ஆனா சரியில்ல. அஸ்னாட கழுத்தில கிடக்கிற அட்டியல், விடியக்காலைல எடுத்த படத்தில அவட பெரிய சாச்சிட கழுத்தில கிடக்கு. வளையல் கண்டக்குழியில இரிக்கிற மாமிட கையில. இடுப்புச் சங்கிலிய இன்னொராள் போட்டிரிக்கா. எல்லாம் கலந்து போய்க் கிடக்கு."

"அப்ப அது பிழை," என்று சாரங்கன் அடுத்த வரிசைக்குப் போனான்.

மீதி வரிசைகள் எல்லாம் ஓடி முடிந்தன. ஒன்றில் எல்லோருக்கும் பச்சை முகம். ஒன்றில் பிரியாணிச் சஹன் தட்டுக்குக் கண்கள். இருபத்து நாலும் முடிந்தும் பெண் வரவில்லை. நஜாத் தலையில் கை வைத்துக்கொண்டான். சாரங்கன் பேனையைக் காதில் செருகிக்கொண்டு முகட்டைப் பார்த்தான்.

"தங்கச்சி, அந்தத் தெளிவான படம். அதில கழுத்து மாறினதோ, அட்டியல் மாறினதோ?"

"அட்டியல் மட்டும்தான். ஆக்கள் முழுசா இரிக்காங்க."

"அட்டியல் மட்டும் தனிய மாறாது. இந்த அடுக்கு படத்தை அளவு பாத்து வெட்டுது, கழுத்துப் பாத்து வெட்டுறேல்லை. டிஸ்க்குக்கு நகை எண்டால் என்னெண்டே தெரியாது."

 சீலைக்குப் பின்னால் "அல்லாஹ்" என்று மெல்லக் கேட்டது.

"என்ன தங்கச்சி?" என்றான் நஜாத்.

"ஒண்டுமில்ல நானா. அந்த வரிசைதான் சரி. அதையே போடச் சொல்லுங்க."

"அப்ப நகை?"

"அது பொம்புளைகள்ட விசயம்."

சாரங்கன் அந்த வரிசையை மீண்டும் நிறுத்தினான். அஸ்னா தூக்கிய காலைக் கீழே வைத்து, மண்டபம் முழுக்க நடந்து போனாள். நஜாத் கைகளை உயர்த்திப் படைத்தவனுக்கு நன்றி சொன்னான். அடுத்த நன்றியைச் சாரங்கனுக்குச் சொல்வதற்குள் வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது.

இறங்கியவர் ஹாஜியாரின் மனைவி பளீலா. ஓடி வந்தவரைப் போல மூச்சு வாங்கியது.

"மகன், உங்கட பெட்டி பழுதாப்போச்சாம். சந்தைல கதைக்கிறாங்க. உண்மையா?"

"பழுதானது உண்மை, மாமி."

"படமெல்லாம் போச்சா?" பளீலாவின் குரல் நடுங்கியது. கண்களில் வெளிச்சம் இருந்தது. நஜாத் அதைக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டான்.

"பயப்படாதீங்க மாமி. ஒரு துண்டு கூடக் குறையாம எடுத்துட்டம். கொப்பியும் இல்ல. நகைல இரிக்கிற கல்லை ஒவ்வொண்டா எண்ணலாம், அவ்வளவு தெளிவு."

பளீலா பக்கத்திலிருந்த கதிரையில் மெல்ல அமர்ந்தார்.

"ஒண்டுமே துலையல்லயா?"

"ஒண்டுமே இல்ல."

"கொஞ்சம் கூட?"

ஷிஹாரா சீலைக்கு வெளியே வந்து நஜாத்துக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் அந்த நேரத்தில் கண் சாடைகளைப் பார்க்கும் உயரத்தில் இல்லை.

"மகன்," என்றார் பளீலா, தாழ்ந்த குரலில். "என்ட புள்ளட மேல கிடந்த நகையெல்லாம் அஞ்சு வீட்டு இரவல். மாப்புள வீட்டுப் பொம்புளைகள் நாளைக்குப் படம் பாக்க வாறது பொண்ணுட சிரிப்பப் பாக்கவா? எது எவடது எண்டு பாக்கத்தான் வாறாங்க."

நஜாத் கதிரையொன்றை இழுத்து அமர்ந்தான். "அப்ப என்னத்துக்கு மாமி படம் எடுக்கச் சொன்னீங்க?"

"எடுக்காட்டி ஏன் எடுக்கல்ல எண்டு கேப்பாங்களே."

சாரங்கன் தன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாகச் சொன்னான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல, மாமி," என்றான் நஜாத். "புத்தளத்தில அவ்வளவு ஸ்டூடியோ இருக்க, ஹாஜியார் என்னை நம்பித்தானே வந்தார்?"

"நம்பித்தான் மகன் வந்தம்," என்றார் பளீலா. "கலியாணப் படத்தத் துலைக்கிறதில உங்கள விட்டா ஆளில்ல எண்டு நாலு பேரிட்ட விசாரிச்சிட்டுத்தான் வந்தம்."